தண்ணீருக்குக் கழித்த கால் கிலோ

நெல்லியாளம்,
8-7-1984, ஞாயிறு.

அன்பு மகள் அம்சவேணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். எப்போதும் முதல் வரியில் எழுதுகிற சொல்தான் இது, ஆனால் இந்த முறை டாக்டரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை தங்கவேலுவும் பாப்பாவும் அதே போல இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது நினைத்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை கூடலூரிலிருந்து நான் அடித்த தந்தி வந்திருக்கும். "கையெழுத்துப் போடாதே, கடிதம் வருகிறது" என்று மட்டும் பார்த்துவிட்டு நீ என்னென்னவோ நினைத்திருப்பாய். பயப்படாதே. அம்மா இருக்கிறாள், இப்போது அடுப்படியில் ஈர விறகோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். வைகாசியில் "அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா" என்று ஒரு தந்தி, ஆனியில் இப்படி ஒரு தந்தி, அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று மாப்பிள்ளை கேட்டிருந்தாலும் தப்பில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படித்து முடிக்கும்வரை கண்டியில் இருக்கிற இந்திய ஆபீசுக்குப் போக வேண்டாம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. சிலோனில் நம் பக்கத்தில் வந்து போகிற மழை போல இல்லை, கேரளாப் பக்கமிருந்து ஏறி வந்து உட்கார்ந்துகொள்கிற மழை. காயாத உடுப்பைத்தான் மறுநாளும் மாட்டிக்கொண்டு தேயிலை மலைக்குப் போகிறார்கள். லயத்து வரிசையில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த வீரையா குடும்பம் கொடைக்கானல் பக்கம் வேலை கிடைக்கிறது என்று போய்விட்டது, வீடு பூட்டிக் கிடக்கிறது. நாயை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அது எங்கள் வாசலில் படுத்துக்கொண்டு அவர்கள் கதவையே பார்க்கிறது. மீதிப் பேர் அங்கே பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நல்லவர்கள்தான், ஆனால் நம் தோட்டத்து மலை ஒன்றின் பெயரைச் சொன்னால் தலையாட்ட ஒருவர் இல்லை. கடைக்காரர் மலையாளி, எங்களைச் சிலோன்காரர் என்றுதான் கூப்பிடுவார், வந்து ஆறு வருடமாகியும் பெயர் கேட்டதில்லை. சாயங்காலம் நானும் உன் அம்மாவும் பேச உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது, எல்லாம் முன்பே பேசியதுதான். ரேடியோவில் உங்கள் பக்கத்துச் செய்தி வரும் நேரத்தில் மழை இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது, ஆனாலும் மூடாமல் காதை வைத்துக்கொண்டிருப்போம். போன ஆடிக் கலவரத்தில் அங்கே நடந்ததை மறக்க முடியவில்லை. மாப்பிள்ளை அட்டன் கடை வீதிக்குப் போனால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பச் சொல்.

உன் அம்மாவுக்கு நடக்கிற வைத்தியத்தை நான் இதுவரை உனக்குச் சரியாக எழுதவில்லை, அரைகுறையாக எழுதியதால்தான் உனக்குப் பயம் கூடியது. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன. கொஞ்சம் வேலை செய்கின்றன, போதாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். தொப்புளுக்குக் கீழே மரக்க ஊசி போட்டு வயிற்றுக்குள் ஒரு குழாய் வைப்பார்கள். மேலே தொங்குகிற பாட்டிலிலிருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உள்ளே இறங்கும், சற்று நேரம் உள்ளேயே நிற்கும், பிறகு கட்டிலுக்குக் கீழே இருக்கிற கேனில் வடியும். உடனே அடுத்த பாட்டில். இரண்டு நாள் இதேதான். குடலைச் சுற்றி உள்ளே பாலாடை போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம். இரத்தத்தில் சேர்ந்த அழுக்கு அந்தச் சவ்வு வழியாகத் தண்ணீருக்கு வந்துவிடும். சர்க்கரை இழுப்பதால் உடம்பில் தேங்கிய நீரும் கூடவே வரும். ஆகவே உள்ளே விட்டதைவிட வெளியே வருவது கூடுதலாக இருக்க வேண்டும். சவ்வு கெட்டுப்போனால் இந்த வைத்தியம் இல்லை, வேறு வைத்தியம் எங்களால் ஆகாது. டாக்டர் குமாரசாமி, இந்தச் சவ்வு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காலம் தாங்குகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார், அதனால்தான் எங்களைச் செலவில்லாமல் சேர்த்துக்கொண்டார். மாசியில் கிருமி பிடித்து, வடிந்த தண்ணீர் அரிசி களைந்தது போலக் கலங்கி வந்ததை எழுதியிருந்தேன். அது மருந்தில் சரியாகிவிட்டது, ஆனால் சவ்வைத் தடிக்க வைத்துவிட்டுப் போயிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

வைத்தியம் நடக்கிற அறையில் இரண்டு கட்டில், ஒரு நர்ஸ், ஆண்டாயி என்று ஓர் ஆயா. நர்சுக்குப் பாட்டில் மாற்றவே நேரம் சரியாக இருக்கும். பங்குனியில், வடிந்த கேனை ஒவ்வொரு தடவையும் நிறுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றபோது நான் முன்வந்தேன். நீ சின்னப் பிள்ளையாக மலைக்குச் சோறு கொண்டு வரும்போது பார்த்திருக்கிறாய், கொழுந்துக் கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டினால் முள் ஆடி நிற்பதற்குள் எடை சொல்லிவிடுவேன். இந்தியாவுக்கு வந்த பிறகு ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிற தட்டில் இலை பரப்புவதோடு சரி, யாரும் என்னைக் கணக்கப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. மறுபடி ஒரு தராசைத் தொட்டது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் சொன்ன எடை எல்லாம் குறைவு. உள்ளே இரண்டு லிட்டர் போனால் வெளியே அதைவிடக் கம்மியாக வந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அப்படியே. வைகாசியில் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "சவ்வு ஓஞ்சு போச்சாட்டம் தெரியுதுங்க. ஒரு சோதனை எடுக்கறேன், முடிவு வர நாளாகும். தூரத்துல சொந்தம் யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லியுடுங்க" என்றார். அன்றே உனக்குத் தந்தி அடித்தேன்.

அவர் சொன்ன சோதனை என்னவென்றால், தண்ணீரை வழக்கத்தைவிட நீண்ட நேரம் வயிற்றுக்குள் நிறுத்திவைத்து, அந்தத் தண்ணீரிலும் இரத்தத்திலும் மாதிரி எடுப்பது. இரத்தத்தில் இருக்கிற அழுக்கில் எவ்வளவு தண்ணீருக்கு வந்து சேர்ந்தது, போட்ட சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, உடம்பின் புரதம் எவ்வளவு ஒழுகிப் போகிறது என்று பார்ப்பார்கள். சவ்வு கெட்டிருந்தால் சர்க்கரையை உடம்பு சட்டென்று உறிஞ்சிவிடும், அப்புறம் நீரை இழுக்க அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்க முடியாது, வெளியே வருகிற தண்ணீர் சொல்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு விளக்கினார். மாதிரியை வேறு ஊருக்கு அனுப்பியதால் முடிவு வரத் தாமதமானது.

அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. கண்டிக்குப் போய் இந்தியாவுக்குப் போகிறவள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாப்பாவோடு கப்பல் ஏறுகிறேன், மாப்பிள்ளை பிறகு வருவார் என்று எழுதியிருந்தாய். உனக்கு அந்த நாட்டுக் குடியுரிமைத் தாள் வரப்போகிற நேரம், அது வந்தால் பள்ளிக்கூட வேலை நிரந்தரம், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அங்கே. அந்தக் கையெழுத்தைப் போட்டால் திரும்பிப் போக உனக்கு உரிமை இல்லை. எல்லாம் தெரிந்துதான் எழுதியிருந்தாய். கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். உன் அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து அவள் நோயாளி மாதிரியே இல்லை. நாங்கள் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவைக் கழுவினாள், புகைக்கரி பிடித்த சுவரில் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். நீ படுக்க என்று பந்தலூரில் ஒரு கோரைப்பாய் வாங்க வைத்தாள். கப்பல் எந்தெந்த நாள் வருகிறது என்று மாற்றி மாற்றிக் கேட்பாள். பாப்பாவுக்குப் பால் எங்கே வாங்குவது என்று பக்கத்து லயத்தில் மாடு வைத்திருக்கிற சின்னம்மையிடம் பேசி வைத்துவிட்டாள். டாக்டர் சொன்னதை நான் அவளிடம் முழுவதும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சந்தோஷமாக இருந்தாள்.

போன புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தபோது முடிவு வந்தது. டாக்டர் தாளையும் பார்க்கிறார், உன் அம்மா காலையும் அழுத்திப் பார்க்கிறார். "ஏனுங்க காத்தமுத்து, உங்க எடைப்படி பாத்தா இந்தம்மா இந்நேரம் பானையாட்டம் உப்பியிருக்கோணும். கால்ல வீக்கமே காணோம். சர்க்கரை இருக்க வேண்டிய அளவு இருக்குது, அழுக்கு ஒழுங்கா எறங்குது, புரதந்தான் கொஞ்சம் கூடப் போகுது. சவ்வு நல்லா வேலை செய்யுதுங்க. அப்ப தண்ணி எங்க காணாமப் போகுது?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும். அவர் போகவில்லை, என் பின்னால் வந்து நின்றுகொண்டார். ஆண்டாயி கேனின் வெளிப்பக்கத்தைக் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தாள், தண்ணீர் சொட்டச் சொட்டக் கொக்கியில் மாட்டினேன். காலிக் கேனின் எடைக்கு முள்ளை முன்பே திருப்பி வைத்திருப்பார்கள், ஆகவே முள் காட்டுவதை அப்படியே சொன்னால் போதும். முள் இரண்டு கிலோவுக்கு மேலே நின்றது. நான் இரண்டுக்குக் கீழே சொன்னேன். டாக்டர் என் தோளைப் பிடித்தார். "என்னங்க சொன்னீங்க?" நான் மறுபடி பார்த்தேன். "ஈரத்துக்குக் கால் கிலோ கழிச்சேனுங்க" என்றேன்.

உனக்கு இது விளங்கும், அவருக்கு விளங்கவில்லை. மழை நாளில் கொழுந்து நனைந்து வந்தால் தண்ணீருக்கென்று கூடைக்கு இத்தனை ராத்தல் கழித்துத்தான் பேருக்கு நேரே எடை எழுதுவோம், தோட்டத்துத் துரை வைத்த சட்டம். நான் கணக்கப்பிள்ளையாக இருந்த காலமெல்லாம் அப்படியே செய்தேன். சொட்டுகிற எதையாவது கொக்கியில் பார்த்தால் முள் ஒன்று சொல்லும், என் வாய் இன்னொன்று சொல்லும். யோசித்துச் செய்ததே இல்லை. பாட்டிலுக்குப் பாட்டில் கால் கிலோ, இரண்டு நாளில் எவ்வளவு ஆகும் என்று நீயே போட்டுப் பார். டாக்டர் முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார் பார், அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "தண்ணிய நிறுத்து, அதுல தண்ணிக்குன்னு கழிச்சீங்களா!" என்றார். ஆண்டாயி, "எங்கூட்டுப் பால்காரன் தண்ணிய ஊத்தறான், இவரு தண்ணிய எடுக்கறாரு, ரெண்டு பேத்தையும் சேத்து உடோணுமுங்க" என்றாள். கட்டிலிலிருந்து உன் அம்மா, "அங்க எங் கூடையில கழிச்சாரு சாமி, கட்டிக்கிட்ட பொறகும் கழிச்சாரு. பொண்டாட்டிக் கூடைன்னு ஒரு நா பாத்ததில்ல. இப்ப வயித்துலயும் கழிச்சிட்டாரு" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். நான் வெட்கப்பட்டேன், ஆனால் அந்த வெட்கத்தைவிடப் பெரிய பாரம் ஒன்று இறங்கிப்போனது போல இருந்தது. டாக்டர் எனக்குத் தைரியம் சொன்னார். கிருமி அண்டாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் ஓடும், எவ்வளவு என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே சோதனையைச் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். முதலில் நிறுத்தியவள் அவள்தான். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள், குழாய் வலிக்கிறதாக்கும் என்று நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திரும்பினோம். குன்னூர் வந்தது, ஊட்டி வந்தது. வழக்கமாக வெலிங்டன் தாண்டும்போது உன் அம்மா பட்டாளத்துப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து ஏதாவது சொல்லுவாள், அன்றைக்கு வெளியே பார்க்கவே இல்லை. நடுவட்டம் இறக்கத்தில் மூட்டம் அடைத்துக்கொண்டு எதிரே வண்டி தெரியாததால் பஸ் நின்றது. அப்போதுதான், "அப்ப அவ வரமாட்டாளா?" என்றாள். அவசரமாக வர வேண்டியது இல்லை, நிதானமாக வரட்டும் என்றேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, பஸ்ஸில் யாருக்கும் கேட்காமல், "அடுத்த தடவயும் பழையபடியே கழிச்சுச் சொன்னா என்ன? ஒரு தடவதான். புள்ள கப்பலேறுன பொறகு சரியாச் சொல்லிக்கங்க. பாப்பா நடக்கப் பழகிட்டாளாம். எறக்கிவிடச் சொல்லி உதைக்கும்ல, அதுக்கு முந்தி ஒருக்கா இடுப்புல வச்சுப் பாத்துக்குறேன்" என்றாள். நான் பொய் எடை சொன்னாலும் சர்க்கரையும் அழுக்கும் டாக்டருக்கு உண்மையைச் சொல்லிவிடும் என்றேன். "சர்க்கரைய யாரு கேட்டா, ஒங்களத்தான கேட்டேன்" என்றாள். மூட்டம் விலகியது, பஸ் கிளம்பியது.

கூடலூரில் அவளை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தபாலாபீசுக்குப் போனேன். வந்ததும் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். "அம்மா நல்லா இருக்கான்னு போடலியா?" என்றாள். அவசரத்தில் விட்டுப்போயிற்று என்றேன். "அதயும் கழிச்சிட்டீங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதத்தில் அதை முதல் வரியிலேயே அழுத்தி எழுதினேன்.

மகளே, நீ வர வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. இந்தச் சுவருக்குள் உன் சத்தம் கேட்காதா என்று அவளைப் போல நானும்தான் இருக்கிறேன், ஆம்பிளை என்பதால் பாய் வாங்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் என் தப்பான எடையை நம்பி நீ அந்த நாட்டைக் கைகழுவிவிட்டு வரக் கூடாது. நாங்கள் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள். வந்த பிறகு எது பிடிக்காவிட்டாலும் போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை என்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். குடியுரிமைத் தாள் வரட்டும், வேலை நிலைக்கட்டும். பிறகு அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டில் விசா வாங்கிக்கொண்டு மார்கழி லீவில் மூன்று பேருமாக வாருங்கள், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள். கப்பல் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எங்கே போய்விடும். ஆனால் மாப்பிள்ளையோடு கலந்து பேசாமல் எதையும் செய்யாதே. நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் இருந்துவிடவும் வேண்டாம், அம்மா கேட்டாள் என்பதற்காக மட்டும் ஓடி வரவும் வேண்டாம்.

இன்று காலை எழுத உட்காரும்போது, உன் பங்குக்கு என்ன எழுதட்டும் என்று அம்மாவைக் கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். வேலய விட்டுட்டு ஓடிவர வேணாம்னு எழுதுங்க" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. விறகு ஈரம், புகை அதிகம். நடுவட்டத்தில் சொன்னதையும் அடுப்படியில் சொன்னதையும் இரண்டையும் எழுதிவிட்டேன், எதையும் விடவில்லை. இரண்டில் எது அவள் பேச்சு என்று நீ அவளுடைய மகள், உனக்குத் தெரியும்.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. என் பெயருக்கு வேண்டாம், தெய்வம்மா என்று அவள் பெயருக்கே எழுது, தபால்காரர் அவள் பெயரைக் கூப்பிடட்டும். பாப்பா என்னென்ன பேசுகிறாள் என்று எழுது, எதையும் சுருக்காதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தந்தி கிடைத்ததா, கையெழுத்துப் போடவில்லையா என்பதை உடனே தெரிவிக்கவும். நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. காத்தமுத்து

பின்குறிப்பு: வீட்டில் இருந்த பாய் மழைக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. புதுப் பாயை எடுத்து விரிக்கலாம் என்றேன். உன் அம்மா விடவில்லை. அதைச் சாக்கில் சுற்றி அடுப்புக்கு மேலே பரணில், ஈரம் படாத இடமாகப் பார்த்து ஏற்றி வைத்துவிட்டாள். நாங்கள் பழையதிலேயே படுத்துக்கொள்கிறோம்.